கொலுப்படிக்குக் கீழே ஒரு கோட்டை

'கொலு' என்ற சொல்லுக்கு அரசவையில் வீற்றிருத்தல் என்று பொருள். ராஜா கொலுவிருந்தார், கொலுமண்டபம் நிறைந்தது என்றெல்லாம் பழைய கதைகளில் படித்திருப்போம். நவராத்திரிக்கு நாம் வைப்பதும் அதுதான். அம்பாள் மகாராணி, படிகள் அவளுடைய தர்பார், மற்ற பொம்மைகள் எல்லாம் அவையோர். ஆக, இந்தக் குடியிருப்பில் கொலு வைக்கும் ஒவ்வொரு வீடும் வருடத்துக்கு ஒரு முறை ஓர் அரசவையைச் சின்ன அளவில் கட்டிப் பார்க்கிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் சிலர் கோடை விடுமுறையில் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டிக் கோட்டை கட்டி, பார்பி பொம்மைகளுக்கு வாளும் கேடயமும் கொடுத்து, கைப்பேசியில் வரிசையாகப் படம் எடுத்து ஒரு கதை செய்தார்கள். பறக்கும் நாகம் ஒன்றும் அதில் வந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் "பெரிய பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடுவதா, இது வெள்ளைக்காரர் பழக்கம்" என்று லிஃப்டில் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. வங்கியில் பழைய பேரேடுகளைப் புரட்டியே வயதைக் கழித்தவன் நான். இந்தக் கணக்கின் ஆரம்ப இருப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் பெண் பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள். அதன் பெயர் சிற்றில், அதாவது சிறு வீடு. அதில் சமைப்பது சிறுசோறு. மணலிலும் கோரைப் புல்லிலும் செய்து வைக்கும் பொம்மை பாவை. கலித்தொகையில் ஒரு பையன் அந்த மணல் வீட்டைக் காலால் உதைத்துக் கலைப்பான். பிற்பாடு அவனேதான் அந்தப் பெண்ணின் காதலன். பட்டினப்பாலையில் பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சின்னத் தேர் வருகிறது. பிறகு பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே உண்டானபோது, ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று அமைந்தன. வீடு, பறை, தேர் மூன்றையும் சின்னதாகச் செய்து விளையாடுவதைப் புலவர்கள் இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறார்கள் என்றால் அது அற்ப விஷயமாக இருந்திருக்க முடியாது.

பொம்மையை நம் விருப்பப்படி மாற்றி அலங்கரிப்பதும் புதிதல்ல. மரப்பாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மரத்தில் கடைந்த ஆண், பெண் ஜோடி. திருப்பதிப் பக்கத்திலிருந்து நிறைய வரும். கல்யாணத்தின்போது பெண்ணுக்குத் தாய்வீட்டில் கொடுத்து அனுப்புவார்கள். கடையில் வாங்கும்போது அதற்கு உடை கிடையாது, முகத்தில் பெரிய பாவமும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ராஜா ராணி ஆகும். கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையை வெட்டிப் புடவை, வேட்டி, பாசிமணியில் மாலை, கறுப்பு நூலில் பின்னல், தங்கக் காகிதத்தில் கிரீடம். சென்ற வருடம் மணமக்கள், இந்த வருடம் ஆண்டாளும் ரங்கமன்னாரும் என்று வேடமும் மாறும். இன்று உலகம் முழுவதும் பொம்மைப் பிரியர்கள் செய்வதும் இந்த வேலைதான். அவர்கள் பிளாஸ்டிக் பொம்மையின் முகத்தில் கம்பெனி அச்சடித்த வண்ணத்தை நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைத்துவிட்டு, அக்ரிலிக் வண்ணத்தில் கண்ணும் புருவமும் புதிதாக வரைகிறார்கள். தலைமுடியைப் பிடுங்கி வேறு முடி நடுகிறார்கள். கருவிகள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்து, கொலுப்படிக்குக் கீழே தரையில் போடும் 'பார்க்'. என்னைக் கேட்டால் கொலுவின் உயிரே அங்கேதான். படியில் இருப்பவை வாங்கிய பொம்மைகள். பார்க்கில் இருப்பது அந்த வீட்டின் கற்பனை. மண்ணைக் குவித்து மலை, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம், தீப்பெட்டிகளை அடுக்கித் தெரு. நவராத்திரிக்குச் சில நாள் முன்பே கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் பச்சைப் பசேலென்று வயல் வந்துவிடும். கேழ்வரகு விளையும் நம் தர்மபுரி மாவட்டத்தில் இதற்குச் செலவு ஒரு பிடி தானியம். ஓசூர் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனாலும் இதே வழக்கம்தான். அங்கே 'கொம்பே ஹப்பா' என்பார்கள், பொம்மைப் பண்டிகை என்று அர்த்தம். மைசூர் அரண்மனையில் கொம்பே தொட்டி என்று பொம்மைகளுக்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறது.

கொலுவில் ஒரு குறை, அளவுப் பொருத்தம் இருக்காது. ஓர் அடி உயர ராமர் பக்கத்தில் மூன்று அங்குல யானை நிற்கும். கண்ணால் பார்க்கும்போது அது உறுத்தாது. பக்தியும் பழக்கமும் சரிசெய்துவிடும். படம் எடுத்தால் அந்த நொடியே காட்டிக்கொடுத்துவிடும். மேல்நாட்டார் இதில் கறாரானவர்கள். பொம்மை வீடு என்றால் பெரும்பாலும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் துரை, அதே காலத்தில் இங்கிலாந்து மேரி ராணிக்காக ஒரு பொம்மை வீடும் கட்டினார். 1924-ல் முடிந்த அந்த வீட்டில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. ஒரு பக்கம் வைஸ்ராய் மாளிகை, மறுபக்கம் பொம்மை மாளிகை, இரண்டுக்கும் ஒரே ஆள் வரைபடம் போட்டிருக்கிறார்! பார்பி பொம்மை சுமார் பதினொன்றரை அங்குலம். அது ஆறில் ஒரு பங்கு. ஆகவே பார்பிக்குக் கட்டும் கோட்டையின் கதவு ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் அவள் குனியாமல் உள்ளே போக முடியும். நம் பிள்ளைகளின் கோட்டையில் இளவரசி வாசலை விட உயரமாக நின்றது இதனால்தான்.

1957-ஆம் வருடத்துக்கு வருகிறேன். அந்த வருடம் அமெரிக்காவில் டேர் ரைட் என்ற பெண்மணி 'தி லோன்லி டால்' என்று ஒரு குழந்தைப் புத்தகம் வெளியிட்டார். தான் சிறுமியாக இருந்தபோது வைத்திருந்த பழைய துணிப் பொம்மைக்குத் தலைமுடியை மாற்றி, காதில் வளையம் போட்டு, இரண்டு கரடிப் பொம்மைகளுடன் உட்கார வைத்துப் படம் எடுத்து, அந்தப் படங்களாலேயே கதையைச் சொன்னார். பொம்மைப் படக்கதை என்பதற்கு இன்றும் முன்னோடியாகச் சொல்லப்படுவது அந்தப் புத்தகம்தான்.

அதே 1957-ல் சென்னையில் 'மாயாபஜார்' வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் கே.வி. ரெட்டி இயக்கிய படம். ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாண விருந்து முழுவதையும் விழுங்கும் காட்சியை நம் வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் வரும் துவாரகை நகரம் சின்னஞ்சிறு பொம்மை நகரம். ஐம்பதுக்கு அறுபது அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகள். உள்ளே விளக்கும் போட்டிருந்தார்கள். கலை இயக்குநர்கள் மா. கோகலே, கலாதர் ஆகியோர். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. கணினி இல்லாத காலம். கையால் கட்டி, வெளிச்சத்தால் ஏமாற்றினார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. அந்தப் படத்தைத் தயாரித்த நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947-லிருந்து 'அம்புலிமாமா'வை நடத்தியவர்கள். ராஜா, மந்திரி, வேதாளம் என்றதும் நம் தலைமுறையின் மனக்கண்ணில் எந்தக் கிரீடமும் எந்தக் கோட்டை வாசலும் தெரிகின்றனவோ, அவை பாதிக்குமேல் அந்தப் பத்திரிகையின் சித்திரங்களிலிருந்து வந்தவை.

பொம்மை நகரம் பெரிய நகரமாகத் தெரிவதற்குச் சூத்திரம் மிகச் சாதாரணம். கேமரா பொம்மையின் கண் உயரத்துக்கு இறங்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகவே இருக்கும். தரையில் படுத்து எடுத்தால் அது ஆளாகிவிடும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும், ஏனென்றால் சூரியன் ஒன்றுதான். ஒரு மேசை விளக்கு போதும். மிக அருகில் போனால் பின்னணி மங்கிப்போய்ச் சின்னது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் தள்ளி நின்று, நிறைய வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. மணலைச் சலித்துப் போடுங்கள். சாதாரண ஆற்று மணலின் பரல், ஆறில் ஒரு பங்கு உலகத்தில் கூழாங்கல்லாகத் தெரியும்.

இனி, எந்தக் கதையைக் கட்டுவது? பறக்கும் நாகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நாம் குடியிருக்கும் ஊர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தவன் என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதும், அங்கே எண்ணெய் பூசி மாலை சூட்டி அடுக்கியிருந்த ஆயுதங்களைப் பார்த்து, எங்கள் அரசனுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போல் இகழ்ந்ததும் புறநானூற்றில் இருக்கின்றன. பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை வென்றான். அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலில் சில பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. இரண்டு ஆயுதக் கொட்டில்கள், ஒரு பாட்டி, இரண்டு அரசர்கள்: ஒரு படக்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

உடை விஷயத்தில் மட்டும் சினிமாவைப் பார்க்காதீர்கள். வெல்வெட் சட்டையும் ஜிகினாவும் நாடகக் கம்பெனிச் சரக்கு. நம் ஊரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள். அதியமானுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை என்றாலும், இந்த மண்ணில் ஒரு வீரன் எப்படி நின்றான் என்பதற்கு நேர் சாட்சி. முடிந்த கொண்டை, இடுப்பில் இறுக்கிய துணி, ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். மேல்சட்டை இல்லை, கிரீடம் இல்லை. பொம்மைக்கு இந்த வேடம் போட ஒரு முழத் துணியும் ஒரு மூங்கில் குச்சியும் போதும்.

பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்யும் கதை பக்கத்து மாவட்டத்துக் கதை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கும்போது இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகு அது திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கதைக்கு அரண்மனை வேண்டாம். ஒரு மணல் மேடு, கேழ்வரகு முளைத்த கொல்லை, களிமண் எருமைகள் நாலு, நாய் ஒன்று, வீரன் ஒருவன், இரண்டு திருடர்கள். ஏழெட்டுப் படங்களில் முடிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமில், வீடு காலி செய்து போனவர்கள் விட்டுச்சென்ற கொலு பொம்மைகள் மூன்று அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. இன்வர்ட்டர் பேட்டரி வைக்க இடம் வேண்டும் என்பதால் அவற்றை அகற்றிவிடலாம் என்றும், பொதுக் கொலுவுக்கு இந்த வருடம் தயார் நிலையில் உள்ள ஒரு செட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்றும் ஒரு யோசனை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு வருகிறது. பேட்டரிக்கு இடம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளை நான் திறந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 64 உருப்படி. பண்ருட்டிப் பக்கம் செய்யும் காகிதக்கூழ், களிமண் பொம்மைகளே அதிகம். முழுசாக உடைந்தவை ஒன்பது. மற்றவற்றில் மூக்கு, விரல், வண்ணம் இவ்வளவுதான் சேதம். எம்-சீல் வைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, அக்ரிலிக் பூசினால் சரியாகிவிடும். தண்ணீர் மட்டும் படக்கூடாது. மரப்பாச்சி ஜோடி ஒன்றும் இருக்கிறது. பெண் பொம்மையின் கழுத்தில் யாரோ ஒரு பாட்டி கோத்த கருகமணி இன்னும் அறுபடவில்லை.

பெட்டிகளைக் கொடுத்துவிட்டால் பிறகு காசு கொடுத்தாலும் இவை திரும்பக் கிடைக்காது. வாடகைச் செட்டு விஜயதசமி முடிந்ததும் லாரி ஏறிவிடும். செயற்குழு கூடும் வரை பெட்டிகள் என் வீட்டுப் பால்கனியில் இருக்கட்டும் என்று செயலாளரிடம் சொல்லி, சம்மதமும் வாங்கியிருக்கிறேன். படிகளில் பழைய பொம்மைகள், கீழே பார்க்கில் கோவிவன் கதை. இதுதான் என் மாற்று யோசனை. கோட்டை கட்டிய பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன், நாயை யார் செய்வது என்று இப்போதே சண்டை. பழைய ஜரிகைத் துணி, பாசிமணி, மிச்சமான பெயிண்ட், மேசை விளக்கு எது இருந்தாலும் காவலாளி அறையில் வைத்துள்ள கூடையில் போடுங்கள். கேழ்வரகு என் பொறுப்பு.