ஒரு துறவியின் எண் பட்டியல்

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றிற் பெரிய எண்ணை முதன்மை எண் என்பர். 2, 3, 5, 7 என்பன அத்தகையன. இவ்வெண்களுக்கு முடிவில்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்கிளிட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவினார். ஆயினும், நம்முன் வைக்கப்பட்ட ஒரு பேரெண் முதன்மையானதா அன்றா எனத் துணிதல் எளிதன்று.

பாரிசு நகரில் வாழ்ந்த மரேன் மேர்சென் என்னும் துறவி, 1644 ஆம் ஆண்டில் ஒரு பட்டியலை வெளியிட்டார். இரண்டின் அடுக்கொன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் எண்களைப் பற்றியது அது. சுட்டி 257 வரை உயரும்போது, பதினொரு சுட்டிகளுக்கு மட்டுமே முதன்மை எண் கிடைக்கும் என்றார் அவர். 31, 67, 127, 257 என்பன அவற்றுள் இறுதி நான்கு. ஆனால், நிறுவல் எதனையும் அவர் தரவில்லை. 31 ஐச் சுட்டியாகவுடைய 2,147,483,647 முதன்மை எண்ணே என்று ஒய்லர் 1772 இல் உறுதிசெய்தார். ஏனைய மூன்றும் மேலும் ஒரு நூற்றாண்டு துணியப்படாமலே நின்றன.

127 ஐச் சுட்டியாகவுடைய எண் 39 இலக்கங்கள் கொண்டது:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727.

இதனைச் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க மனித வாழ்நாள் போதாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார்டு லூக்கா வேறொரு வழியைக் கண்டார். பின்னர் 1930 இல் லேமர் என்பவர் அவ்வழியை எளிமையாக்கினார். நான்கில் தொடங்குக; அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க; சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க; இதனையே மீண்டும் மீண்டும் செய்க. சுட்டியிலும் இரண்டு குறைவான தடவைகளின் பின் மீதி பூச்சியமாயின் அது முதன்மை எண், அன்றேல் அன்று. சுட்டி 5 ஆயின் சோதிக்கும் எண் 31. அதற்கு 4, 14, 8, 0 என மூன்று தடவைகளில் முடிவு கிடைக்கிறது.

1876 இல் லூக்கா இரு முடிவுகளை வெளியிட்டார். 127 பற்றி மேர்சென் கூறியது மெய். 67 பற்றிக் கூறியது பிழை. அவ்வெண் காரணிகளாகப் பிரியும் என்பது தெளிவாயிற்று. ஆனால் அக்காரணிகள் எவை என்பதை லூக்காவும் அறியார். 1903 இல் நியூ யோர்க்கில் நடந்த கணிதக் கழகக் கூட்டமொன்றில் அமெரிக்கரான கோல் அவற்றை வெளிப்படுத்தினார். அவர் ஒரு சொல்லும் பேசாது, 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கிக் கரும்பலகையிற் காட்டினார் என்று கூறுவர்.

பின்னர் 257 உம் பிழையெனக் கண்டனர். 61, 89, 107 ஆகிய மூன்றையும் துறவி தவறவிட்டிருந்தார் என்பதும் புலனாயிற்று. லூக்காவின் எண்ணோ 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியதாக விளங்கியது. 1952 முதல் மின்கணிப்பொறிகள் இப்பணியை ஏற்றன. 2024 இல் 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணொன்று அறிவிக்கப்பட்டது. அதனையும் லூக்கா வகுத்த வழியாலேயே சரிபார்த்தனர்.

பட்டியலிற் பிழைகள் ஐந்து. எனினும் அவ்வெண்கள் இன்றும் மேர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன. பெரியோர் ஒருவரின் கூற்றை மதித்தவர்களே அதனைச் சோதித்தும் பார்த்தனர். கணிதம் வளர்ந்தது அச்சோதனையினாலேயாம்.