பல்லாங்குழியும் கூழ்வத்தலும்

ஒன்று திண்ணை நிழலில் நடப்பது, மற்றது மொட்டைமாடி வெயிலில். ஒன்று விளையாட்டு, மற்றது வேலை. ஒன்றில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பார்க்கிறார்கள். மற்றதில் வீடே ஒரே அணி, எதிரணியில் காக்கை மட்டும். பயிற்சிப் புத்தகத்தைக் கையில் திணிக்காமல் கோடை விடுமுறையில் பிள்ளைகளின் படிப்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியோடுதான் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். இவற்றுக்குள் உறவு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

துருப்பிடிக்கும் என்ற கவலை வெறும் பெற்றோர் பயமல்ல. 1996இல் அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்தங்குகிறார்கள் என்றும், வாசிப்பைவிடக் கணக்கில் இந்த இழப்பு அதிகம் என்றும் கண்டார்கள். இழப்பின் அளவைப் பிற்கால ஆய்வுகள் சில கேள்விக்குள்ளாக்கின. எப்படியானாலும் முதலில் கைநழுவுவது கணக்கு என்பதால், நானும் கணக்கையே உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன்.

நம் பழைய நூல்கள் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காக வகுக்கும். பல்லாங்குழி முழுக்க முழுக்க எண்ணல். 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. குழியில் ஐந்து காய் என்றால் ஐந்துதான். கூழ்வத்தலில் எண்ணுவதற்கென்று அநேகமாக ஒன்றுமில்லை. மாவை டம்ளரால் முகந்து, உப்பைக் கைநிதானத்தில் எடுத்து, வேட்டியை நீட்டி விரிப்பதுதான் அங்கே கணக்கு, எல்லாமே 'ஏறக்குறைய'. பள்ளிப் புத்தகம் முதலாவதை நன்றாகவே சொல்லித் தருகிறது. இரண்டாவது அதன் கைக்கு எட்டாது. புத்தகத்தில் அச்சிட்ட டம்ளரைத் தூக்கி எடை பார்க்க முடியாது.

ஆயினும் இரண்டிலும் முதலில் படிப்பது கைதான். பல்லாங்குழிக்குப் புதிதாக உட்காரும் பிள்ளை ஒவ்வொரு காயையும் தொட்டுத் தொட்டு எண்ணும். பத்து நாள் ஆனதும் குழியைப் பார்த்த பார்வையிலேயே 'ஆறு' என்று தெரிந்துவிடும். அள்ளும்போது உள்ளங்கை அதை ஒப்புக்கொள்ளும். கூழ் கிண்டப் பழகும் பிள்ளையும் அப்படியே. முதல் நாள் பதம் வந்துவிட்டதா என்று நூறு முறை கேட்கும். பிறகு கரண்டி கனக்கத் தொடங்குவதைத் தோள் உணர்ந்துகொள்ளும்.

பல்லாங்குழியில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். எதிரே அவளுடைய அப்பத்தா. குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. எங்கள் பக்கத்து விதி எளியது: காய் போட்டு முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளிப் போட்டுக்கொண்டே போக வேண்டும், அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆட்டத்தில் அவளுக்கு ஏழு காய் கிடைத்தது. மறுநாள் வேறு குழியில் தொடங்கினாள், ஏழு. அப்பத்தா தொடங்கினார், ஏழு. நாலாவது நாள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியிலிருந்தும் தனியாக ஆடிப் பார்த்தாள்.

"அப்பத்தா, எதுல எடுத்தாலும் ஏழுதான் வருது!"

"அப்படியா? ஆறு ஆறாப் போட்டுப் பாரு."

அதற்கு இன்னும் பதினான்கு கொட்டை வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்து அடுக்களைக்கு ஓடினாள். ஆறு ஆறாகப் போட்டு ஆடினாள். ஐந்தில் ஐந்து முறை அள்ளிய பிறகுதான் வெற்றுக்குழி வந்தது. ஆறில் இரண்டே அள்ளலில் வந்துவிட்டது. ஆனால் துடைத்து எடுத்தது மறுபடியும் ஏழு. இதற்குள்ளே பெருக்கல் இருக்கிறது, மீதி இருக்கிறது, வட்டமாகச் சுற்றும் எண்களின் ஒழுங்கு இருக்கிறது. எல்லாக் குழியும் ஒரே மாதிரி நிறைந்திருக்கும்போது எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான் என்ற சமச்சீர் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் பெயர் சொல்லி அவளுக்குக் காட்டவில்லை. 'நாலாகப் போட்டால்?' என்று அவளே கேட்டுக்கொண்டு, விடை தெரியும்வரை சாப்பிட வரவில்லை. நாலில் ஆறு காய்.

மாடிக்கு வருவோம். இதற்கு இணையான கேள்வி அங்கே உப்பிலிருந்து வந்தது. விடியற்காலையில் கூழைத் தொட்டு நாக்கில் வைத்தவள் "உப்பே பத்தல" என்றாள். "பத்தாம இருந்தாத்தான் சரி" என்றார் அப்பத்தா. முந்தின ஆண்டு வத்தலில் ஒரு துண்டை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் உப்பு சரியாக இருந்தது. ஒரே பண்டம் இங்கே சப்பென்று, அங்கே நிறைவாக. இடையில் எதையும் யாரும் சேர்க்கவில்லை. வெயில் தண்ணீரைத்தான் எடுத்துப் போனது, உப்பைத் தொடவில்லை. விகிதம் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே அவள் அதை நாக்கில் பார்த்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத உறவு கண்ணில் பட்டது. பல்லாங்குழியில் காய் நிறைந்த குழியைப் பார்த்து ஆசைப்படுகிறவர் தோற்பார். தேர்ந்த ஆட்டக்காரர் தேடுவது வெற்றுக்குழியை. வத்தலிலும் பாத்திரத்தில் இருப்பதைப் பார்த்து உப்புப் போடுகிறவர் கெடுப்பார்; தேர்ந்த கை, போகப்போகிற தண்ணீரைக் கணக்கில் வைத்துப் போடும். விளையாட்டில் வெறுமை காயைத் தருகிறது. வேலையில் வெறுமை ருசியைத் தருகிறது. இல்லாததைக் கணக்கில் கொள்வது பிள்ளைகளுக்கு எளிதில் வராத படிப்பு. கழித்தலைவிடக் கூட்டல் அவர்களுக்குப் பிடித்துப்போவதும் அதனால்தானோ என்று நினைக்கிறேன். திண்ணையும் மாடியும் அதையே இரண்டு வேறு வழியில் பழக்குகின்றன.

தவறைத் திருத்தும் முறையில் இரண்டும் உடன்பிறப்புகள். திருத்தும் வேகத்தில் அந்நியர்கள். தன் குழியில் நாலு காய் சேர்ந்து 'பசு' ஆனதைக் கவனித்து எடுத்துக்கொள்ளாவிட்டால், அடுத்த காய் அதில் விழுந்த நொடியே பசு போய்விடும், நொடியில் பாடம். வத்தலோ மூன்று நாள் காக்க வைக்கும். கூழ் நீர்த்திருந்தால் துணியில் பரவி ஒட்டிக்கொள்ளும். மாவு வேகாதிருந்தால் காய்ந்ததும் கைபட்டு நொறுங்கும். காயாத வத்தல் எண்ணெயில் பொரியாமல் கடுக்கென்று நிற்கும். நன்கு காய்ந்ததிலும் உள்ளே துளி ஈரம் ஒட்டியிருக்கும். கொதிக்கும் எண்ணெயில் அது ஆவியாகி மாவை ஊதித் தள்ளுவதுதான் பொரிதல். ஈரம் மிகுந்தாலும் கெடுதல், அடியோடு இல்லாவிட்டாலும் பொரியாது. இரண்டு இடத்திலும் சிவப்பு மை கிடையாது. தப்பு என்று சொல்வது பலகையும் எண்ணெயுமே. பெரியவர் முகம் சுளிக்க வேண்டிய தேவை இல்லாததால் பிள்ளைக்கும் வெட்கமில்லை, மறுபடி முயல்கிறது.

மாடிக்கு மட்டுமே உரிய ஒரு பாடமும் உண்டு. திண்ணை இதில் போட்டிக்கு வர முடியாது. வேட்டியை எங்கே விரிப்பது? ஆண்டின் பெரும்பகுதி நம் ஊர்களில் உச்சிவேளை நிழல் வடக்கே சாயும். ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரியிலும், நடுவில் மதுரையிலும், 24 வாக்கில் சென்னையிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலை விழுங்கிவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் வரை உச்சிவேளை நிழல் தெற்கே விழும். மே நடுவில் மதுரை மாடியொன்றில் ஐந்தடித் தண்ணீர்த்தொட்டி இருந்தால் அதன் நிழல் தெற்கே முக்கால் அடி நீளும். வத்தல் காவலுக்கு உட்கார்ந்த பிள்ளை கரித்துண்டால் அதைக் கோடு போட்டுப் பார்க்கலாம். சூரியன் நமக்கு வடக்கே போயிருக்கிறது என்பதைப் பெரியவர்களிலேயே எத்தனை பேர் கவனித்திருப்போம்?

இவ்வளவு சொன்னபின் எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் நுனெஸ், காரஹர், ஷ்லீமன் ஆகியோர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கடையில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதே பிளவைக் கண்டது. பள்ளிக்கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் கண்டது. ஆகவே கோடை முழுக்கப் பல்லாங்குழி ஆடியவள் ஜூனில் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்குவாள் என்று நான் சொல்ல மாட்டேன். கையறிவு தானாகத் தாளுக்கு ஏறிவிடாது.

கைக்கும் தாளுக்கும் இடையே பாலம் எவ்வளவு எளிதில் அமையும் என்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. பல்லாங்குழி தாளுக்கு இணக்கமானது. பதினான்கு வட்டம் வரைந்து ஒவ்வொன்றிலும் எண் எழுதினால் ஆட்டமே தாளில் வந்துவிடும். அவளும் நாலாவது நாளே அப்படி வரைந்தாள், யாரும் சொல்லாமல். வத்தல் அப்படி இணங்காது. 'ஒன்றுக்கு ஐந்து தண்ணீர்' என்று சுவரில் எழுதி வைத்தாலும் மாவு பழையதா புதியதா என்பதைப் பொறுத்து அது மாறும். அங்கே பெரியவர் செய்யக்கூடியது ஒரு கேள்வி கேட்பது: "பதம் வந்துச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?" கை அறிந்ததை வாய் தேடும் அந்தச் சில நொடிகளை நான் பெரிதாக மதிக்கிறேன். அவசரப்பட்டு விடையை எடுத்துக் கொடுக்காமலிருப்பது நமக்குத்தான் கடினம்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. பின்மதியம் எங்கள் மாடித் தண்ணீர்த்தொட்டியின் கிழக்குப் பக்கம் நிழல் விழுந்ததும் அப்பத்தாவும் பேத்தியும் பலகையை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு வத்தலுக்குக் காவல் இருந்தார்கள். நிழல் நீள நீளப் பலகையும் நகர்ந்தது. ஒரு காக்கை துணியில் இறங்கியதைப் பார்த்து அவள் கம்போடு ஓடித் திரும்புவதற்குள் அப்பத்தா தன் கை ஆட்டத்தை முடித்திருந்தார். அவள் குழியில் நாலாகியிருந்த காய் ஐந்தாகிவிட்டிருந்தது.

"நான் காக்கா விரட்டத்தானே போனேன்! என் பசுவைக் குடுங்க."

"காக்கா ஆட்டத்துல சேராது. உக்காரு, உன் கை."

அவள் உட்கார்ந்து, ஏழு குழிகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஓரத்தில் இரண்டே காய் கிடந்த குழியை அள்ளினாள்.