பூதவாதிக்கு மணிமேகலை தந்த விடை

உடல் அழிந்தால் உணர்வும் அழியும். மறுபிறப்பும் வினைப்பயனும் இல்லை. இக்கொள்கையைப் பௌத்தம் தன் தொடக்க காலத்திலேயே எதிர்கொண்டது. தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் இதனை அசித கேசகம்பலரின் கொள்கையாகப் பதிவு செய்துள்ளது. இவ்விவாதத்தின் தமிழ் வடிவத்தைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையின் 27ஆம் காதையில் அமைத்துள்ளார்.

வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்கும் மணிமேகலை, இறுதியாகப் பூதவாதியிடம் வருகிறாள். ஆத்திப்பூவும் வெல்லமும் பிறவும் கூடியவழி மதுவின் களிப்புத் தோன்றுவதுபோல, பூதங்கள் கூடியவழி உணர்வு தோன்றும் என்கிறான் அவன். அவை பிரிந்தால், பறையோசைபோல் உணர்வும் கெடும். கண்கூடாகிய காட்சியே அவனுக்கு அளவை. கருத்தளவை, அதாவது அனுமானம், அவனுக்கு உடன்பாடன்று.

மணிமேகலை தன் முற்பிறப்பை அறிந்தவள், ஆதலின் நகைக்கிறாள். அத்தகைய அறிவு தெய்வ மயக்காகவோ கனவாகவோ இருக்கலாம் என்று அவன் மறுக்கிறான். இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருவரது அகவனுபவம் பிறருக்குச் சான்றாகாது. மணிமேகலையும் அதனையே மீண்டும் வலியுறுத்தவில்லை. அனுமானத்தால் அன்றி உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிவாய் என்று வினவுகிறாள். தன் பிறப்பைத் தானே கண்டவர் எவரும் இலர். காட்சி ஒன்றையே ஏற்பவனின் வாழ்வும் அனுமானத்தின்மேல் நிற்கிறது என்பதே அவ்வினாவின் வலிமை.

இவ்விடை மறுபிறப்பை நிறுவிவிடவில்லை; காணாதது இல்லாததாகாது என்பதை மட்டுமே நிறுவுகிறது. நிறுவும் பணிக்குரிய கருவிகள் பின்னரே வருகின்றன. 29ஆம் காதையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்னும் இரண்டையே பௌத்த அளவைகளாகக் கொண்டு, அனுமானத்தின் உறுப்புகளையும் அதில் நேரும் போலிகளையும் விரிக்கிறார். 30ஆம் காதை பன்னிரு சார்புகளை விளக்குகிறது. நிலையான ஆன்மா இல்லை என்பதில் பௌத்தரும் பூதவாதியும் உடன்படுவர். ஆயினும், காரணகாரியத் தொடர்ச்சியால் வினைப்பயன் தொடரும் என்பது பௌத்தரின் துணிபு.

‘அனுமானம்’ என்னும் வடசொல்லும் ‘கருத்து’ என்னும் தமிழ்ச்சொல்லும் ஒரே காப்பியத்தில் அருகருகே வழங்குகின்றன. இன்று நாம் ‘எண்ணம்’ என்னும் பொருளில் வழங்கும் ‘கருத்து’, அங்கே சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் அறிவைக் குறித்தது. வகுப்பறையில் ‘என் கருத்து’ எனத் தொடங்கும் மாணவரிடம் ‘அதற்குச் சான்று என்ன?’ என்று ஆசிரியர் கேட்பாராயின், அச்சொல்லின் பழம்பொருள் மீண்டும் உயிர்பெறும்.