கடவுச்சீட்டு இல்லாத முதியோரும் புகையிரதச் சலுகையும்

பிரித்தானியாவில் 60 வயதைப் பூர்த்தி செய்தவர்கள், முதியோர் புகையிரதச் சலுகை அட்டையைப் பெற்று, பெரும்பாலான பயணக் கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். இணையத்தளம் ஊடாக விண்ணப்பிப்போரிடம் பொதுவாகக் கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திர இலக்கம் கோரப்படுகின்றது. வெளிநாடு செல்லாத, வாகனம் செலுத்தாத முதியோர் பலரிடம் இவ்விரண்டுமே இல்லை. அத்தகையோர் புகையிரத நிலையத்தின் பயணச்சீட்டுக் கருமபீடத்தில் பிறப்புச் சான்றிதழைக் காண்பித்து அட்டையைப் பெறமுடியும். அதற்குப் புகைப்படமும் தேவையில்லை.

இங்கிலாந்தின் பெரும்பாலான பயணச்சீட்டுக் கருமபீடங்களை மூடுவதற்கு 2023 ஜூலையில் முன்வைக்கப்பட்ட யோசனை, பலத்த எதிர்ப்பையடுத்து அவ்வாண்டு ஒக்டோபரில் கைவிடப்பட்டது. அது நிறைவேறியிருப்பின் பலருக்கு இவ்வழியும் அடைபட்டிருக்கும். சலுகையை அறிவிப்பது மட்டும் போதாது. ஆவணம் குறைந்தோரும் அதனை அடைய, திறந்திருக்கும் கருமபீடமும் அங்கோர் அலுவலரும் அவசியமாகும்.