அலுவிகாரையிலிருந்து நம் வீட்டு அலுமாரி வரை



சென்ற மாதம் ஒரு வீட்டு வாசலில் பழைய பேப்பர் வாங்குகிறவரின் தராசில் ஒரு கட்டு ஏறியிருந்தது. மேலே அட்டை கிழிந்த ஒரு பாடசாலை மலர். அதற்குக் கீழே ஓர் அரபுத் தமிழ் கிதாப். கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரப் பெண் சிரித்தார். "சேர், இத வச்சி என்ன செய்யப் போறீங்க? வாசிக்கத் தெரிஞ்ச ஆளே இல்லியே" என்றார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்தளை டவுனிலிருந்து தம்புள்ளை வீதியில் சுமார் 3 கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. பஸ்ஸில் கடந்து போகாதவர் நம்மில் இல்லை. உள்ளே போனவர்கள் குறைவு. அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது. 500 பிக்குகள் கூடி எழுதியதாக மரபு சொல்கிறது. காரணம் போரும் பஞ்சமும். மனனமிட்டவர்கள் இறந்துபோனால் அறிவும் அவர்களோடு போய்விடும் என்ற பயம்.

இந்தப் பயம் நமக்கும் தெரிந்ததுதான். யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்கர் (ரழி) அவர்கள் குர்ஆனை ஒன்றுசேர்க்கும் பொறுப்பை ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸைத் அவர்கள் தம் நினைவை மட்டும் நம்பி எழுதி முடிக்கவில்லை. ஈச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்ததையும், மக்கள் நெஞ்சில் சுமந்திருந்ததையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். பொறுப்பு ஒருவருடையது, கொண்டுவந்து கொடுத்தவர்கள் பலர்.

ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுவோம். அங்கே யார் யார் வேலை செய்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடி எடுத்து, ஒப்பிட்டுத் திருத்திய பிறகே மொழிபெயர்ப்பார். கணித மேதை தாபித் இப்னு குர்ரா, ஹர்ரான் நகரத்து ஸாபியர். முஸ்லிமான அல் குவாரிஸ்மி, இந்தியாவிலிருந்து வந்த இலக்கங்களால் கணக்குச் செய்யும் முறையை எழுதினார். அவர் பெயரின் லத்தீன் வடிவத்திலிருந்து வந்ததுதான் இன்று நம் பிள்ளைகள் படிக்கும் 'அல்கோரிதம்' என்ற சொல். எல்லாரையும் சேர்த்துக்கொண்டதால் வளர்ந்த அறிவு அது.

ஆனால் சேர்த்தது ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து. அலுவிகாரையில் இருந்த ஏடுகள் 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்ததாகச் சொல்வார்கள். 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தது. சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன.

அந்த இழப்பை அறிந்த தலைமுறைக்கு இணையம் ஒரு வழியைக் காட்டியது. 1998 தைப்பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். 2005 இல் நம் நாட்டு இளைஞர்கள் சிலர் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். புத்தகம், பத்திரிகை, பாடசாலை மலர், நினைவு மலர் என்று ஸ்கேன் செய்து, யார் எழுதியது, எந்த ஆண்டு என்று பட்டியலிட்டு வைக்கிறார்கள். பயிற்சிக் கலாசாலையில் ஒப்படை எழுத நான் தேடி அலைந்த ஒரு சஞ்சிகை, கடைசியில் அங்கேதான் கிடைத்தது. ஒரு சதம் செலவில்லை.

2021 நவம்பரில் யுனெஸ்கோ 'திறந்த அறிவியல்' பற்றிய பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஆய்வுகளும் தரவுகளும் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பது அதன் ஒரு பாதி. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருக்கும் சமூகங்களும் அறிவை உண்டாக்குவதில் பங்காளிகள் என்பது மறுபாதி.

இந்த மறுபாதியில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். நூலகத்தில் மலையகத்துக்கு, முஸ்லிம்களுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. கதவு திறந்துதான் கிடக்கிறது. நாம் எத்தனை பேர் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்தோம்? நாளை ஒரு மாணவி மாத்தளை முஸ்லிம்களைப் பற்றி ஆய்வு செய்ய வந்தால், கிடைப்பதை வைத்துத்தான் எழுதுவாள். நம் பெட்டியில் கிடந்து கரையான் தின்றது அவளுக்குக் கிடைக்காது. பிறகு "எங்கட வரலாறு இல்லை" என்று யாரைக் குறை சொல்வது?

தயக்கம் எனக்கும் புரிகிறது. கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் நியாயமானது. அதனால் பொருளை யாரும் கொடுக்கத் தேவையில்லை; வீட்டிலேயே வைத்துப் படம் எடுக்கலாம். குடும்ப விடயங்கள் உள்ள கடிதங்கள், பதிவேடுகள் மூடியே இருக்கட்டும். உரியவரின் சம்மதம் இல்லாமல் ஒரு பக்கமும் வெளியே போகக்கூடாது. வரும் விடுமுறையில் சில மாணவர்களோடு இதைத் தொடங்க நினைத்திருக்கிறேன். தமிழ், சிங்கள அயலவர்களின் வீடுகளுக்கும் போவோம். இந்த ஊரின் கதையில் அவர்களுடைய பக்கங்களும் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. மறுவாரம் அந்தக் கிதாபோடு அதே வீட்டுக்குப் போனேன். உள்ளேயிருந்து வந்த அவருடைய மாமி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் தடங்காமல் வாசித்தார். சின்ன வயதில் ஓதும் பள்ளியில் படித்ததாம். பேத்தி போனில் பதிவு செய்தாள். "மாமிக்கு இது தெரியும் எண்டு எங்களுக்கே தெரியாதே" என்றார் மருமகள்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பேப்பர்காரர் வருவதற்கு முன்னர்.