சேரி பாஷை: ஒரு வசைச்சொல்லின் விலாசம்

கோடம்பாக்கத்தில் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிற வேலை என்று ஒன்று உண்டு. படத்தில் ஐம்பது பேர் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அந்தச் சத்தத்தை டப்பிங் தியேட்டரில் ஏழெட்டுப் பேர் நின்று உண்டாக்குவோம். 1993இல் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ரயில் பாதை ஓரத்திலிருந்த எங்கள் குடிசையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒருநாள் தெருக்குழாய்க் காட்சி. உதவி இயக்குநர் வந்து, “கொஞ்சம் சேரித்தனமா பேசுங்கப்பா” என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ‘ழ’ வரவில்லை என்று வசனம் எதுவும் தராமல் நிறுத்தி வைக்கப்பட்டவன் நான். இது நம்ம பாடம் ஆயிற்றே. வீட்டில் என் ஆயா பேசுவதை அப்படியே மைக் முன்னால் பேசினேன். “இன்னாம்மா, கொய்ந்த துன்னுச்சா? எம்மா நேரமா நிக்கிற, கொடத்தக் குடு, நான் புட்ச்சித் தரேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிறுத்தச் சொன்னார்கள். “இது சேரி இல்லியே! கத்து. திட்டு. அசிங்கமா எதனா சொல்லு.”

சொன்னேன். கூலி வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பது வருஷம் தாண்டிவிட்டது, அந்த ‘சேரி இல்லியே’ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மரியாதையில்லாத பேச்சைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. துடுக்கு, திமிர், கொழுப்பு, எகத்தாளம், தெனாவெட்டு என்று அடுக்கலாம். இவையெல்லாம் பேசுகிறவனின் குணத்தைக் குறிப்பவை. இன்னொரு வகை இருக்கிறது. சேரித்தனம், பட்டிக்காட்டான், தரை டிக்கெட், பஜாரி, குழாயடிச் சண்டை. இவை குணத்தைச் சொல்வதாகப் பாவனை பண்ணிக்கொண்டு ஆளின் விலாசத்தைச் சொல்பவை. சந்தையில் கூவி விற்கிறவள் பஜாரி. வீட்டுக்குள் குழாய் உள்ளவர்களுக்குக் குழாயடிச் சண்டை கிடையாது. மயிலாப்பூர் மாடவீதியில் ஒருவர் குரலை உயர்த்தினால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்கிறோம். அதே குரல் எங்கள் பக்கத்திலிருந்து வந்தால் அது சேரி பாஷை. கோபப்படுவதற்கான காரணம் இரண்டாவது ஆளிடம் கேட்கப்படுவதே இல்லை.

சரி, இந்தச் ‘சேரி’ எங்கிருந்து வந்தது? உத்திரமேரூருக்குப் போங்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட வைத்தார்களே, அதுதான். அந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் ஊர். முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி என்று அது பிரிந்திருந்தது. ஆமாம், சேரி. வேதம் படித்தவர்கள் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரின் பகுதிகளுக்கு அன்று சேரி என்றுதான் பெயர். இன்றைக்கு வேளச்சேரியில் வீடு வாங்குகிற யாரும் அந்தப் பெயருக்காக வெட்கப்படுவதில்லை.

அடுத்த நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட நானூறு பெண்கள் குடியிருந்தது தளிச்சேரி. வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் கம்மாணச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது, கூடவே தீண்டாச்சேரியும் வருகிறது. ஆக ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சேரி என்ற பொதுச்சொல்லுக்கு முன்னால் ஒரு அடைமொழி தேவைப்பட்டது. யாருடைய சேரி என்று சொல்லியாக வேண்டும். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தெரு, அக்கிரகாரம், ஊர் என்று எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் அந்தச் சொல்லில் நாங்கள் மட்டும் மிச்சம். அடைமொழி உதிர்ந்துவிட்டது, தீண்டாமை உதிரவில்லை.

கோடம்பாக்கம் பட்டணத்தோடு சேர்வதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் அங்குள்ள பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கை 1892இல் விவாதத்துக்கு வந்தது. பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிறபோதெல்லாம் அதை எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் அதில் வீட்டுமனை பற்றி இருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. சேரி நத்தத்தில் குடிசை போட்டிருக்கிற மண்ணுக்கே மிராசுதார் உரிமை கொண்டாடினார். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். துடுக்குத்தனம் என்பதன் விலை அப்போது வீடு. பேசாமல் இருந்தவனை அடக்கமானவன் என்றார்கள். பேசியவன் போன திசை எந்தக் கணக்கிலும் இல்லை. எங்கள் ஆட்களுக்குப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும் என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த அறிக்கைக்கு அடுத்த வருஷம், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘பறையன்’. வசவாக எறியப்பட்டதை எடுத்துத் தலைப்பில் வைத்தார். 1907இல் ‘ஒரு பைசா தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரோ அந்தப் பெயரே எதிரிகள் இட்ட இழிவு, நமக்கு வேண்டாம் என்றார். இந்த இரண்டு பேருக்கும் நடந்த வழக்கு இன்னும் நம் கூட்டங்களில் தீர்ப்பாகவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் எண்ணம். ஆளுக்கு ஒரு நாள் ஒவ்வொன்று தேவைப்படுகிறது.

சினிமாவுக்கு வருவோம். மெட்ராஸ் பாஷையைப் படம் எடுத்தவர்கள் இரண்டு பேருக்குத்தான் கொடுத்தார்கள். ஒருவன் கோமாளி, இன்னொருவன் ரவுடி. 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவும் மனோரமாவும் அதைப் பேசிச் சிரிக்க வைத்தார்கள். மனோரமா பாடிய பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. எங்கள் குடிசைப் பகுதியிலும் அதைப் பாடினோம், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாஷையில் ஒரு தாய் பிள்ளையைக் கொஞ்சுவதையோ, ஒருவன் நியாயம் கேட்பதையோ திரையில் பார்க்க வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ‘அட்டகத்தி’ 2012இலும், ‘மெட்ராஸ்’ 2014இலும் வந்தன. அதுவரை கதாநாயகி குடிசையில் பிறந்திருந்தாலும் சுத்தத் தமிழ்தான் பேசுவாள். இலக்கியத்திலும் இதே கதைதான். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது பேச்சுமொழியில் எழுதலாமா, இது கொச்சை இல்லையா என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தப் பாஷையின் வசவுகளையாவது விசாரித்தார்களா? ‘பேமானி’ என்றால் ஈமான் இல்லாதவன், நேர்மை கெட்டவன். அது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. ‘துட்டு’ டச்சுக்காரனின் காசு. எல்லாவற்றுக்கும் மேல் ‘கஸ்மாலம்’. எங்கள் வாயின் அசிங்கத்துக்கு அடையாளமாகக் காட்டப்படுகிற இந்தச் சொல் சம்ஸ்கிருதம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ச்சுனனைக் கடிந்துகொள்கிற இடத்தில் ‘கச்மலம்’ வருகிறது. அங்கே வந்தால் வேதாந்தம், எங்கள் குழாயடியில் வந்தால் சேரித்தனம். என் ஆயா அதைச் சொல்லாத நாளே கிடையாது. “கஸ்மாலம், தல தொட்ச்சிக்கினு போடா, ஜன்னி வந்துடும்” என்பாள். அதில் வசவு எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரிக்க எந்த அகராதியாலும் ஆகாது.

2023 நவம்பரில் இந்தச் சொல் மறுபடி வீதிக்கு வந்தது. நடிகர் மன்சூர் அலிகான் நடிகை த்ரிஷாவைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியதை நடிகை குஷ்பு கண்டித்தார். கண்டிக்க வேண்டியதுதான். அவர் அப்போது தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினர். அந்தத் தகராறில் தன்னை விமர்சித்த ஒருவருக்கு எழுதிய பதிலில், உங்களைப் போல் சேரி மொழியில் என்னால் பேச முடியாது என்றார். எதிர்ப்பு கிளம்பியதும், பிரெஞ்சு மொழியில் சேரி என்றால் அன்புக்குரியது என்று விளக்கம் சொன்னார். ஒரு பெண்ணை இழிவாகப் பேசியதை எதிர்த்து வந்த பேச்சு, போகிற போக்கில் லட்சக்கணக்கான பெண்கள் வாழ்கிற இடத்தை வசவாக்கிவிட்டுப் போனது. அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்று அவரைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளிடம் “சேரிப் பசங்க மாதிரி பேசாதே” என்று சொல்லாதவர்கள்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம். 2015 திருத்தத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டது. ஆனால் சேரி என்பது சாதிப் பெயர் இல்லையே, இடப்பெயர்தானே என்று வாதிட வழி இருக்கிறது. விலாசத்தால் திட்டுவதில் உள்ள வசதியே அதுதான்.

விலாசத்தையும்தான் மாற்றிப் பார்த்தார்கள். கிராமங்களில் அரசு வீடு கட்டிக்கொடுத்து ‘காலனி’ என்று பெயர் வைத்தது. கொஞ்ச காலத்திலேயே “காலனிக்காரன்” என்பது வசவாகிவிட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், அந்தச் சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பைக் கேட்டபோது நான் கோடம்பாக்கத்தில்தான் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே டைரக்டர்ஸ் காலனி இருக்கிறது, யுனைடெட் இந்தியா காலனி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் விலாசத்தைப் பெருமையாக எழுதுகிறார்கள். ஒரே சொல்தான், கோடம்பாக்கத்தில் கௌரவம், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் தீட்டு. 1970இல் ஏற்பட்ட குடிசை மாற்று வாரியத்துக்கும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சுடுகாட்டை நன்காடு என்று சொல்வதற்கு இலக்கணத்தில் மங்கலம் என்று பெயர். அங்கே எரிவது பிணம்தான் என்பதையும் இலக்கணக்காரர்கள் மறைக்கவில்லை.

ஆற்றோரத்திலும் ரயிலோரத்திலும் இருந்தவர்களைப் பெயர்த்து 2000 முதல் துரைப்பாக்கத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குக் கண்ணகி நகர் என்று பெயர் சூட்டினார்கள். நீதி கேட்டு ராஜசபையில் குரல் உயர்த்தியவளின் பெயர். அவளை யாரும் சேரித்தனமாகக் கத்தினாள் என்று சொன்னதில்லை. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் வேலை கொடுக்கிறவர் முகம் மாறுகிறது.

என் தங்கை குடும்பம் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் அவள் மகள், பி.காம். முடித்தவள், வேலைக்கான விண்ணப்பத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பெயர், படிப்பு எல்லாம் எழுதிவிட்டு விலாசம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டாள். “மாமா, இங்க இன்னா எய்தறது?” என்றாள். நான் ராஜராஜன் கல்வெட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே ‘ஓ.எம்.ஆர்., துரைப்பாக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் தடுக்கவில்லை.