மாதங்கள் கூறிய உண்மை

போர்க்காலத்தில் மாண்ட வீரர் யாவரும் பகைவரின் படைக்கலத்துக்கு இரையானவர் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய ஒரு வரைபடத்தைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன்.

கிரீமியப் போரில் துன்புற்ற பிரிட்டிஷ் வீரர்களைப் பேணுவதற்காக, 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டரி மருத்துவமனையை அடைந்தார் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1855 ஜனவரியில் மட்டும் அப்படையில் இறந்தோர் 3,168 பேர். மொத்தத்தை மட்டும் கேட்போர் பீரங்கியையே பழிப்பர். ஆனால், காயத்தால் மாண்டோர் 83 பேர். ஏனைய காரணங்களால் 324 பேர். தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் 2,761 பேர்!

அம்மையார், புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் என்பவரின் துணையுடன், வட்டத்தை மாதத்துக்கொரு கூறாகப் பகுத்தார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, பிறவற்றுக்குக் கறுப்பு எனத் தீட்டி 1858இல் வெளியிட்டார். 1855 மார்ச்சில் வந்த துப்புரவுக் குழு சாக்கடைகளைச் செப்பனிட்டுக் காற்றோட்டம் அமைத்தபின், நீலம் சுருங்கலாயிற்று. 1856 ஜனவரியில் நோயால் இறந்தோர் 42 பேரே.

இன்று கணிப்பொறிக்குச் சில வரிகளில் நிரல் எழுதித் தந்தால், அதே எண்களை மாதத்துக்கொரு அடுக்குத் தூணாக நொடியில் வரைந்துவிடும். ஆயினும், எக்கூறு அடியில் நிற்கவேண்டும் என்பதை நாமே தீர்மானித்தல் வேண்டும். அடிக்கூறு ஒன்றே எல்லாத் தூண்களிலும் ஒரே தளத்திலிருந்து எழுவதால், மாதத்துக்கு மாதம் ஒப்பிட எளியது அதுவே. நான் வரைந்தால் நோயையே அடியில் வைப்பேன். தவிர்த்திருக்கக்கூடிய சாவு எது என்பதை மாணவர்கள் முதற்பார்வையிலேயே காணவேண்டுமன்றோ?